ஆடியோ கன்வெர்ட்டர் சில்லின் உள்ளீட்டுப் பின்களை ரீசெட் நேரத்தில் நிலைப்படுத்துவது எப்படி

பலகைக்குப் பத்து முறை மின்சாரம் கொடுத்தால் ஏழு முறை ஒலி தெளிவாக வருகிறது. மூன்று முறை ஒன்றுமே வருவதில்லை, அல்லது இடப்பக்க ஒலி வலப்பக்கத்தில் கேட்கிறது, அல்லது இரைச்சல் மட்டும் கொட்டுகிறது. நிரலும் மாறவில்லை, இணைப்புகளும் மாறவில்லை. ஆடியோ கன்வெர்ட்டர் சில்லை முதன்முதலாகப் பயன்படுத்துகிற பலரும் இந்த இடத்தில் வந்து நின்று, நிரலில் தாமதங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள், சால்டரிங்கை மறுபடி செய்வார்கள், கடைசியில் சில்லையே மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கெல்லாம் இருப்பதில்லை. மின்சாரம் வரத் தொடங்குவதற்கும் ரீசெட் (சில்லைத் தொடக்க நிலையில் பிடித்துவைக்கும் சைகை) விடுவிக்கப்படுவதற்கும் இடைப்பட்ட சில மில்லிநொடிகளில், சில்லின் உள்ளீட்டுப் பின்களில் ஏதோ ஒன்று எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் இருந்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் நிரல் இன்னும் ஓடவே தொடங்கவில்லை என்பதால், அதை நிரலால் திருத்த முடியாது. மின்தடைகளால்தான் திருத்த முடியும்.

கீழே வரும் வழிமுறை ஏடிசி (ஒலிச் சைகையை எண்களாக்குவது), டிஏசி (எண்களை ஒலிச் சைகையாக்குவது), இரண்டும் சேர்ந்த கோடெக் ஆகிய மூன்று வகைக்கும் பொருந்தும். கணக்குகளில் 3.3 வோல்ட் மின்னழுத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் படி: பின்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள்

சுற்று வரைபடத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, சில்லின் இலக்கமுறைப் பின்கள் அனைத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மாஸ்டர் கிளாக் (சில்லின் முதன்மைத் துடிப்பு), பிட் கிளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு), இட வலக் கிளாக் (வருவது எந்தப் பக்க ஒலி என்று காட்டுவது), டேட்டா உள்ளீடு, டேட்டா வெளியீடு, ரீசெட், ஐ2சி அல்லது எஸ்பிஐ (சில்லுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு முறைகள்) கட்டுப்பாட்டுப் பின்கள், முகவரிப் பின், நிலைத்தேர்வுப் பின்கள் (சில்லு எப்படி இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவை), ஒலியை அடக்கும் ம்யூட் பின் என்று பட்டியல் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்களை வரையுங்கள்: மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது, ரீசெட் தாழ்நிலையில் இருக்கும்போது, ரீசெட் உயரும் கணத்தில். ஒவ்வொரு கட்டத்திலும் "இந்தப் பின்னை இப்போது பிடித்திருப்பது யார்?" என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள். விடை ஒரு மின்தடையாகவோ, தரையாகவோ, மின்வழங்கியாகவோ, அந்நேரம் உண்மையாகவே இயங்கிக்கொண்டிருக்கிற வேறொரு சில்லாகவோ இருக்கலாம். "மைக்ரோகண்ட்ரோலர்" என்று எழுதக் கை போகும். முதல் இரண்டு கட்டங்களில் அந்த விடை ஏறத்தாழ எப்போதுமே தவறு. பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்கள் தாமே ரீசெட்டில் இருக்கும்போது தம் பின்களை உயர் மின்மறுப்பு நிலையில், அதாவது எதையும் பிடிக்காமல், விட்டுவிடுகின்றன.

வெற்றாக நிற்கிற கட்டங்கள்தான் உங்கள் வேலைப்பட்டியல்.

மிதக்கும் பின் ஏன் பூஜ்யம் அல்ல

எதனுடனும் இணைக்காத பின் பூஜ்யமாக இருக்கும் என்பது புதியவர்களிடம் பரவலாக உள்ள எண்ணம். இன்றைய சில்லுகளில் வழக்கமான சிமாஸ் வகை உள்ளீடு ஒன்றின் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வாயில்களுக்குள் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால், அங்கே சேர்கிற மிகச் சிறிய மின்னூட்டம்கூட மின்னழுத்தத்தை இழுத்துச் செல்லப் போதுமானது. பக்கத்துத் தடத்தில் ஓடும் கிளாக், ஈரப்பதம், விரலின் அருகாமை ஆகியவை ஒவ்வொன்றும் அதை நகர்த்தும். பல சில்லுகளின் தரவுத்தாள்களில் (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணங்களில்), மின்வழங்கியின் 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பது தாழ்நிலை, 70 சதவீதத்துக்கு மேலே இருப்பது உயர்நிலை என்று வரையறுத்திருப்பார்கள். 3.3 வோல்ட்டில் அது 0.99, 2.31 என்று வரும். இடைப்பட்ட பகுதியில் சில்லு என்ன முடிவெடுக்கும் என்பதற்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடையாது; அதற்கு மேல், இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரப் பாதி திறந்து, மின்வழங்கியிலிருந்து தரைக்குத் தேவையற்ற மின்னோட்டமும் ஓடும். ஆடியோ சில்லில் அந்த மின்னோட்டம் அலையலையாக மாறினால், அது ஒலியின் இரைச்சலாகவே காதில் விழும்.

இதற்கு மிகப் பழக்கமான எடுத்துக்காட்டு பிசிஎம்5102ஏ டிஏசி. அதன் மாஸ்டர் கிளாக் பின்னைத் தரையுடன் இணைத்தால், சில்லு தனக்குத் தேவையான கிளாக்கைப் பிட் கிளாக்கிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். அதைத் தரையுடன் இணைக்காமல் வெறுமனே விட்டுவிட்டால், மிதக்கும் அந்தப் பின்னில் விழும் மின் இரைச்சலைக் கிளாக் என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும்; ஒலி கரகரக்கும் அல்லது வராது. "மாஸ்டர் கிளாக் தேவையில்லை" என்பதும் "அந்தப் பின்னை விட்டுவிடலாம்" என்பதும் ஒன்றல்ல. அதே சில்லின் ம்யூட் பின் தாழ்நிலையில் இருந்தால் ஒலி அடங்கிவிடும். ஆயத்தப் பலகைகளில் இந்தப் பின்னை உயர்நிலைக்கு இணைக்கும் சிறு சால்டர் பாலம் திறந்தே கிடந்து, நல்ல சில்லு பழுது என்று ஒதுக்கப்பட்ட நிகழ்வுகள் ஏராளம்.

இரண்டாம் படி: நிலைத்தேர்வுப் பின்கள்

ரீசெட் உயரும் கணத்தில் ஒருமுறை மட்டும் படிக்கப்பட்டு, உள்ளே பதிந்துகொள்ளப்படும் பின்கள் ஒரு வகை. எந்நேரமும் படிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் பின்கள் இன்னொரு வகை. எது எந்த வகை என்பதைத் தரவுத்தாளில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் கவனிக்க வேண்டிய கூடுதல் விஷயம், ரீசெட் உயர்வதற்கு முன்பும் பின்பும் அந்த நிலை எவ்வளவு நேரம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற வரையறை. நிலையான மின்தடையால் பிடிக்கப்பட்ட பின்னுக்கு இது தானாகவே நிறைவேறிவிடும். மைக்ரோகண்ட்ரோலரால் பிடிக்கப்படும் பின்னில், நீங்கள்தான் வரிசையைக் காப்பாற்ற வேண்டும்.

தவறாகப் படிக்கப்பட்ட ஒரு பிட் எவ்வளவு குழப்பம் செய்யும் என்பதற்கு டேட்டா வடிவத் தேர்வு நல்ல சான்று. ஒலி டேட்டாவை அனுப்பும் ஐ2எஸ் வடிவத்தில் இட வலக் கிளாக் தாழ்நிலையில் இருப்பது இடப்பக்கம். இடது ஒட்டிய வடிவத்தில் அது உயர்நிலையில் இருப்பது இடப்பக்கம். ஐ2எஸ்ஸில் டேட்டாவும் ஒரு பிட் கிளாக் தள்ளி வருகிறது. ஆகவே வடிவப் பின் தவறாகப் படிக்கப்பட்டால், ஒலி வரும், ஆனால் பக்கங்கள் மாறியும் அளவு மாறியும் சிதைந்தும் வரும். தொடக்கத்தில் சொன்ன பக்கம் மாறும் கோளாறுக்கு இது ஒரு காரணம்.

மின்தடையின் மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளீட்டுக் கசிவு மின்னோட்டம் அதிகபட்சம் 10 மைக்ரோ ஆம்பியர் என்று தரவுத்தாள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தரைக்கு 10 கிலோ ஓம் வைத்தால், அதில் விழும் மின்னழுத்தம் 0.1 வோல்ட், பாதுகாப்பானது. 47 கிலோ ஓம் என்றால் 0.47 வோல்ட்; இன்னும் சரிதான். 100 கிலோ ஓம் என்றால் 1 வோல்ட். தாழ்நிலையின் எல்லையான 0.99 வோல்ட்டைத் தாண்டிவிட்டது. உண்மையில் கசிவு இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்றாலும், அதே தடத்தில் இரண்டு மூன்று சில்லுகள் தொங்கினால் கசிவுகள் கூடும் என்பதையும் வெப்பத்தில் கசிவு அதிகரிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தரவுத்தாள் வேறு மதிப்பைக் கேட்காத இடங்களில் நான் 10 கிலோ ஓமிலேயே நின்றுவிடுகிறேன். சில்லுக்குள்ளேயே இழுப்பு மின்தடை (பின்னை மின்வழங்கிக்கோ தரைக்கோ இழுத்துப் பிடிப்பது) இருந்தாலும் வெளியே ஒன்று வைப்பதே என் வழக்கம். உள்ளே இருப்பவை பலவீனமானவை, அவற்றின் மதிப்பும் சில்லுக்குச் சில்லு வெகுவாக மாறும்.

இரட்டை வேலை செய்யும் பின்களில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். சிஎஸ்4272 கோடெக்கில் டேட்டா வெளியீட்டுப் பின்னே, தனித்து இயங்கும் நிலையில், சில்லு கிளாக்குகளைத் தானே உருவாக்க வேண்டுமா அல்லது வெளியிலிருந்து பெற வேண்டுமா என்பதை முடிவு செய்யும் பின்னாகவும் இருக்கிறது. அதற்கு 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றை மேலேயோ (மின்வழங்கிக்கோ) கீழேயோ (தரைக்கோ) வைக்க வேண்டும். நான் கீழே வைத்திருந்தேன்; பின்னை இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரின் 5ஆம் எண் பின்னுடன் (GPIO5) இணைத்திருந்தேன். வரைபடத்தில் எந்தத் தவறும் தெரியவில்லை. ஆனால் இஎஸ்பி32 ரீசெட்டில் இருக்கும்போது அதன் 5ஆம் பின்னில் உள்ளிருக்கும் இழுப்பு மின்தடை ஒன்று, ஏறத்தாழ 45 கிலோ ஓம் அளவில், மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். 45-உம் 47-உம் எதிரெதிராக இழுத்தால் நடுவே கிடைப்பது சுமார் 1.7 வோல்ட். தாழ்வுமில்லை, உயர்வுமில்லை, வேண்டுமென்றே வடிவமைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக நடுவில் நிறுத்தியிருக்க முடியாது. பின்னை மாற்றியதும் கோளாறு மறைந்தது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இஎஸ்பி32-க்கும் தனக்கென நிலைத்தேர்வுப் பின்கள் இருக்கின்றன. அதன் 12ஆம் எண் பின் தொடக்கத்தில் உயர்நிலையில் இருந்தால், நினைவகத்துக்கு 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும், 3.3 வோல்ட் நினைவகம் உள்ள பலகை அப்போது எழும்பாது. மாஸ்டர் கிளாக் வெளியீட்டுக்குப் பலரும் பயன்படுத்தும் 0ஆம் எண் பின்னோ, தொடக்கத்தில் தாழ்நிலையில் இருந்தால் நிரல் பதிவிறக்க நிலைக்குப் போய்விடும். ஆகவே கன்வெர்ட்டரின் மாஸ்டர் கிளாக் உள்ளீட்டுக்குத் தரைநோக்கி வலுவான மின்தடை வைத்து அதை இந்தப் பின்னுடன் இணைத்தால், கன்வெர்ட்டர் நலமாக இருக்கும், மைக்ரோகண்ட்ரோலர் எழும்பாது. அட்டவணையில் இரு பக்கச் சில்லுகளின் தேவைகளையும் எழுத வேண்டியது இதனால்தான்.

மூன்றாம் படி: ரீசெட் பின்னைத் தாழ்நிலையில் பிடித்துவையுங்கள்

ரீசெட் பின் பெரும்பாலும் தாழ்நிலையில் செயல்படுவது. அதாவது பூஜ்யம் கொடுத்தால் சில்லு உறங்கும். அதை மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு பின்னால் கட்டுப்படுத்துகிறீர்கள் என்றால், தரைநோக்கி 10 கிலோ ஓம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். பல மாதிரி வரைபடங்களில் மேல்நோக்கி வைத்திருப்பார்கள். வேறு கட்டுப்பாடே இல்லாத எளிய சுற்றுக்கு அது பொருந்தும். மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும் சுற்றில், அது விழித்தெழுந்து, மற்ற பின்களை ஒழுங்குபடுத்தி, கிளாக்கைத் தொடங்கிய பிறகே கன்வெர்ட்டர் எழ வேண்டும். தரைநோக்கிய மின்தடை இதைத் தானாகவே உறுதிசெய்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் மட்டும் திடீரென்று மறுதொடக்கம் கண்டால், அதன் பின்கள் கைவிடப்படும் அந்தக் கணத்திலேயே கன்வெர்ட்டரும் ரீசெட்டுக்குள் போய்விடும். சில்லுக்குள்ளேயே ரீசெட் பின்னுக்கு மேல்நோக்கிய இழுப்பு இருந்தால், உங்கள் மின்தடை அதை வெல்லும் அளவுக்குச் சிறியதாக இருக்கிறதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோகண்ட்ரோலர் இல்லாத சுற்றில் மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட பழைய முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 10 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்று வைத்தால் நேர மாறிலி 100 மில்லிநொடி; பின் 70 சதவீதத்தை எட்ட ஏறத்தாழ 120 மில்லிநொடி ஆகும். காத்திருப்பு நேரம் போதுமானதாகவே தெரியும். ஆனால் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு ஏற மட்டும் சுமார் 85 மில்லிநொடி ஆகிறது. 12.288 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஓடும் சில்லுக்கு அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். அத்தனை துடிப்புகளுக்கும் ரீசெட் பின் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது. உள்ளீட்டில் ஷ்மிட் டிரிகர் (மெதுவாக ஏறும் சைகையையும் ஒரே முறை மட்டும் மாறச் செய்யும் சுற்று) இல்லையென்றால் ரீசெட் பலமுறை விழுந்து எழக்கூடும். இன்னொரு குறை, மின்சாரத்தை அணைத்து உடனே போட்டால் மின்தேக்கி வடிந்திருக்காது, ரீசெட் நிகழவே நிகழாது. மின்தடைக்கு இணையாக ஒரு டையோடை வைத்து இதை ஓரளவு சரிசெய்யலாம். மின்னழுத்தக் கண்காணிப்புச் சில்லு ஒன்றைப் பயன்படுத்துவது அதைவிடச் சிறந்தது. எடுத்துக்காட்டாக மேக்ஸ்809, மின்னழுத்தம் வரம்பைத் தாண்டிய பிறகு குறைந்தது 140 மில்லிநொடி ரீசெட்டைத் தாழ்நிலையில் பிடித்திருந்து, பின்பு கூர்மையாக விடுவிக்கிறது.

ரீசெட் பின்னே இல்லாத கன்வெர்ட்டர்களும் உண்டு. அவை மின்சாரம் ஏறுவதைத் தாமே உணர்ந்து ரீசெட் ஆகின்றன. அவற்றுக்கு அடுத்த படி இன்னும் முக்கியமானது.

நான்காம் படி: மின்சாரம் வருவதற்கு முன் பின்களில் எதுவும் வரக் கூடாது

ஒவ்வொரு உள்ளீட்டுப் பின்னிலிருந்தும் மின்வழங்கித் தடத்துக்கு உள்ளே ஒரு பாதுகாப்பு டையோடு இருப்பது வழக்கம். கன்வெர்ட்டருக்கு மின்சாரம் வராத நேரத்தில், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் ஒரு பின்னில் 3.3 வோல்ட்டைக் கொடுத்தால், அது அந்த டையோடு வழியாக உள்ளே புகுந்து, மின்வழங்கித் தடத்தையே 2.7 வோல்ட் அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். சில்லு பாதி உயிருடன் கிடக்கும். பிறகு உண்மையான மின்சாரம் வரும்போது, தடம் பூஜ்யத்திலிருந்து ஏறாததால் உள்ளிருக்கும் தானியங்கி ரீசெட் விழித்துக்கொள்ளாமல் போகலாம். மின்சாரத்தை அணைத்துப் போட்டும் கோளாறு தெளியவில்லை, கம்பிகளைப் பிடுங்கிச் செருகினால் மட்டும் தெளிகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரே மின்வழங்கியிலிருந்து இரண்டு சில்லுகளையும் இயக்குவது எளிய தீர்வு. அது முடியாதபோது, கன்வெர்ட்டருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று உறுதியாகும் வரை எல்லாப் பின்களையும் தாழ்நிலையிலோ உயர் மின்மறுப்பிலோ வைத்திருக்குமாறு நிரலின் முதல் வரிகளை அமையுங்கள். தொடரில் சேர்க்கும் மின்தடை சேதத்தைக் கட்டுப்படுத்தும்: 10 மில்லி ஆம்பியரைத் தாண்டாமலிருக்க, 3.3 வோல்ட்டிலிருந்து டையோடின் 0.6 வோல்ட்டைக் கழித்து வகுத்தால் 270 ஓம் வரும். வேகமான கிளாக் தடங்களில் இவ்வளவு பெரிய மின்தடை விளிம்புகளை மழுங்கடிக்கும் என்பதால், அங்கே இதை நம்பியிருக்க வேண்டாம். மின்தடை மின்னோட்டத்தைத்தான் குறைக்கும். பாதி உயிர் நிலையைப் போக்காது.

ஐந்தாம் படி: கிளாக்கும் கட்டுப்பாட்டுப் பின்களும்

ரீசெட் தாழ்நிலையில் இருக்கும்போது கிளாக் பின்கள் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது தாழ்நிலையில் அசையாமல் நிற்கலாம். மிதக்க மட்டும் கூடாது. ரீசெட்டை விடுவிப்பதற்கு முன் மாஸ்டர் கிளாக் தன் இறுதி அதிர்வெண்ணில் நிலைபெற்றிருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு, 256 மடங்கு என்றால், அது 12.288 மெகாஹெர்ட்ஸ், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு 11.2896 மெகாஹெர்ட்ஸ். பல சில்லுகள் மாஸ்டர் கிளாக்குக்கும் இட வலக் கிளாக்குக்கும் உள்ள விகிதத்தை எண்ணிப் பார்த்தே தம் நிலையைத் தேர்ந்துகொள்வதால், எண்ணும் நேரத்தில் அதிர்வெண் மாறினால் கணக்குத் தவறிவிடும்.

ஐ2சி பின்களுக்கு மேல்நோக்கிய மின்தடைகள் ஏற்கெனவே இருப்பதால் அவை மிதப்பதில்லை. அங்கே வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, எஸ்ஜிடிஎல்5000 போன்ற கோடெக்குகள் மாஸ்டர் கிளாக் வராமல் ஐ2சிக்கே பதில் சொல்லாது. புதியவர் முகவரி தவறு என்று நினைத்து அரை நாள் தேடுவார். மற்றொன்று, டேட்டா பரிமாற்றத்தின் நடுவே மைக்ரோகண்ட்ரோலர் மறுதொடக்கம் கண்டால், கன்வெர்ட்டர் டேட்டா தடத்தைத் தாழ்நிலையில் பிடித்தபடியே அடுத்த கிளாக்குக்காகக் காத்திருக்கும். ரீசெட் பின் இருந்தால் அதைத் தாழ்த்தி விடுவியுங்கள். இல்லையென்றால் கிளாக் தடத்தில் ஒன்பது துடிப்புகள் வரை அனுப்பினால் தடத்தை விட்டுவிடும். முகவரிப் பின்னும் மிதக்கக் கூடாது: டபிள்யூஎம்8731 கோடெக்கில் ஒரே பின் முகவரியின் கடைசி பிட்டைத் தீர்மானிக்கிறது.

ஆக, தொடக்க வரிசை இப்படி அமைகிறது: மின்சாரம் நிலைபெறுதல், நிரலால் பிடிக்கப்படும் நிலைத்தேர்வுப் பின்களை அமைத்தல், மாஸ்டர் கிளாக்கைத் தொடங்குதல், தரவுத்தாள் கேட்கும் குறைந்தபட்ச நேரம் காத்திருத்தல், ரீசெட்டை விடுவித்தல், மறுபடி காத்திருத்தல், ரிஜிஸ்டர்களை (சில்லின் உள்ளமைப்புகளை) எழுதுதல், கடைசியாக ம்யூட்டை நீக்குதல். வெளியீட்டு மின்தேக்கிகள் நிறையும் வரை ம்யூட்டை வைத்திருந்தால் ஸ்பீக்கரில் "டப்" என்ற சத்தமும் குறையும்.

ஆறாம் படி: அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை மட்டும் நம்பி மிதக்கும் பின்னைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் உள்ளீட்டு மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். மிதக்கும் பின்மேல் வைத்தால் அந்த மின்தடையே பின்னைத் தரைக்கு இழுத்து, பூஜ்யம் என்று காட்டிவிடும். அளக்கிற நேரத்தில் மட்டும் சுற்று ஒழுங்காக வேலை செய்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நான் செய்வது இது. மைக்ரோகண்ட்ரோலரை ரீசெட்டிலேயே பிடித்துவைத்து, பலகைக்கு மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரைப் பின்மேல் வைத்துக்கொண்டு, 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக அதே பின்னை முதலில் 3.3 வோல்ட்டுக்கும் பிறகு தரைக்கும் தொட்டுப் பார்க்கிறேன். தரைக்கு 10 கிலோ ஓம் வைத்த பின் 0.3 வோல்ட்டுக்கு மேல் நகராது. 47 கிலோ ஓம் என்றால் ஒரு வோல்ட் அளவுக்கு நகரும். எந்தப் பின் முழுவதுமாக மேலேயும் கீழேயும் சாய்கிறதோ, அதை எவரும் பிடித்திருக்கவில்லை. அட்டவணையில் நீங்கள் நிரப்பிய விடையை அங்கே அடித்துவிடுங்கள்.

பிறகு அலைகாட்டியின் (ஆசிலோஸ்கோப்பின்) ஒரு தடத்தை ரீசெட் பின்னிலும் மற்றொன்றை நிலைத்தேர்வுப் பின்னிலும் வைத்து, ரீசெட் ஏறும் விளிம்பில் படம் நிற்குமாறு அமைத்து, அந்த விளிம்புக்கு முன்னும் பின்னும் மற்ற பின் அசைகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மின்சாரத்தைக் குறைந்தது ஐம்பது முறை அணைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் அல்ல, அரை நொடி, இரண்டு நொடி, அரை நிமிடம் என்று மாற்றி மாற்றி. மின்தேக்கிகள் முழுதும் வடிந்த நிலையில் வராத கோளாறு, பாதி வடிந்த நிலையில் வரும். ஐம்பதில் ஒருமுறை ஒலி வராவிட்டாலும், அந்த ஒருமுறை எந்த இடைவெளிக்குப் பின் வந்தது என்று குறித்துக்கொண்டு, ரீசெட் பின்னிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.